வாகை மரத்தில் கட்டிய கயிறு

சோளகக் காற்று அடங்காத ஒரு புரட்டாசிப் பின்னேரம். தெல்லிப்பழைக்கு உள்ளே ஒரு குச்சொழுங்கையில், வினிபிரட் ரீச்சரின் பழைய ஓட்டு வீட்டு வாசலில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நின்றது. நதானியேலும் அவனுடைய கூட்டாளி கஜீபனும் கயிறுகளையும் இயந்திர வாளையும் இறக்கினார்கள். மழைக்கு முன் கொப்பு வெட்டுவிக்க ஊரே அவர்களைத் தேடிய காலம் அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போகாமல் நதானியேல் மரம் மரமாய் ஏறிக்கொண்டிருந்தான்.

வாள் அதிர்ந்து அதிர்ந்து விரல்கள் வெளிறி மரத்துப்போயிருந்தன. அன்று காலை சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. மனைவி நிமலினிதான் பூட்டிவிட்டாள்.

"இண்டைக்காவது நில்லுங்கோவன்."

"உந்த ஒரு மரம். முடிச்சுப்போட்டு ஒரேயடியாப் படுக்கிறன்."

அந்த வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

ரீச்சர் வீட்டுக் கூரைக்கு மேலே வாகை மரம் படர்ந்து நின்றது. காய்ந்த நெற்றுகள் காற்றில் ஓயாமல் கலகலத்தன. ரீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"குடிச்சிட்டு ஏறு தம்பி."

"அண்ணைக்குத் தேத்தண்ணி சரிவராது ரீச்சர். பெற்றோல் ஊத்தினால்தான் ஓடுவார்," என்றான் கஜீபன்.

ரீச்சர் சிரிக்கவில்லை. அவருடைய கண் கஜீபன் தோளில் தொங்கிய மெல்லிய கயிற்றில் இருந்தது.

அது பேச்சுக் கயிறு. வாள் இரைச்சலில் கூப்பிட்டால் கேளாது என்பதால் வந்த வழக்கம். தடித்த கயிறு ஏறுபவனின் இடுப்பில் தொடங்கி, ஒரு கவையின் மேலால் போய், கீழே நிற்பவன் கையில் முடியும். மெல்லியது பேசுவதற்கு. கீழிருந்து ஒருதரம் இழுத்தால் 'சுகமோ?' மேலிருந்து ஒருதரம் வந்தால் 'சுகம்.' இரண்டுதரம் வந்தால் 'இறக்கு.'

"உந்த மரத்திலை முந்தி முத்துக்குமாரு எண்டு ஒருத்தர் ஏறினவர்," என்றார் ரீச்சர். "களைச்சுப்போய், பதில் சொல்லவும் பஞ்சிப்பட்டு, பேச்சுக் கயித்தைக் கொப்பிலை கட்டிப்போட்டார். கீழை நிண்டவன் இழுக்க இழுக்க, காத்துக்குக் கொப்பு ஆடி, சுகம், சுகம் எண்டு பதில் வந்துகொண்டிருந்தது. பொழுதுபடத்தான் ஏறிப் பார்த்தினம். மத்தியானமே சீவன் போயிட்டுது."

அவர் ஒரு தண்ணீர்ப் போத்தலை நதானியேலின் இடுப்புப் பட்டியில் செருகிவிட்டார்.

மேலே ஏறியபின் அவனுக்கு எல்லாம் பாரமாகத் தெரிந்தது. வாள், கை, தலை. கஜீபன் அடிக்கடி கயிற்றை இழுத்தான். சுகமோ? சுகம். சுகமோ? சுகம். அந்த அன்பான கேள்விகூட அவனுக்கு எரிச்சலாக இருந்தது. 'கொஞ்ச நேரந்தானே' என்று நினைத்துக்கொண்டு பேச்சுக் கயிற்றை ஒரு கொப்பில் முடிந்துவிட்டான்.

ரீச்சர் சொன்ன கதை அந்த நேரம் அவன் நினைவில் வரவேயில்லை.

இன்னும் ஒரு கொப்பு வெட்டினான். அதற்குப் பிறகு விரல்கள் விரியவில்லை. வாள் தானாக நழுவி, அதைக் கட்டியிருந்த வாரில் தொங்கி ஓய்ந்தது. நெஞ்சுக்குள் ஏதோ இறுகியது. கூப்பிடப் பார்த்தான். நாக்கு அசையவில்லை.

காற்று நின்றது.

நெற்றுகள் ஒன்றும் கலகலக்கவில்லை.

கீழிருந்து கயிறு ஒருதரம் இழுபட்டது. சுகமோ?

மேலிருந்து ஒருதரம் பதில் போனது.

கொப்பு ஆடவில்லை. அவனும் இழுக்கவில்லை.

நதானியேல் மெல்லத் தலையைத் திருப்பினான். பழைய வியர்வையும் ஊறிய தேங்காய்த் தும்பும் மணத்தன. பக்கத்துக் கவையில் ஒரு முதியவர் குந்தியிருந்தார். மரப்பட்டை நிறத்தில் ஒரு கை பேச்சுக் கயிற்றைப் பிடித்திருந்தது.

"சுகம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார் அவர், தாழ்ந்த குரலில். "இனி ஒருத்தரும் கூப்பிடாயினம். படு."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. படுக்கத்தான் அவனுக்கும் ஆசை. கண்கள் தாமாக மூடின. நிமலினியின் உள்ளங்கை வாயில் பட்டதுபோல் இருக்க, திரும்பவும் விழித்தான்.

முதியவரின் உதடுகள் வெடித்து, காய்ந்த சேறுபோல் இருந்தன.

களைத்தவனின் தாகம் களைத்தவனுக்குத் தெரியும். மரத்த மணிக்கட்டால் இடுப்பிலிருந்த போத்தலைத் தள்ளித் தள்ளி அவர் பக்கம் நகர்த்தினான். குரல் எப்படியோ வந்தது.

"நீங்கள் குடியுங்கோ, ஐயா."

நெடுநேரம் அவர் அந்தப் போத்தலையே பார்த்தார். அதற்கு முன் ஒருவரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போலும்.

பிறகு அந்தக் கை கயிற்றை இழுத்தது.

ஒருதரம்.

இன்னொருதரம்.

நதானியேல் கண் திறந்தபோது நிலத்தில் கிடந்தான். ரீச்சர் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துச் செபித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள்தானே அண்ணை ரெண்டுதரம் இழுத்தனியள்?" என்று கேட்ட கஜீபன் மேலே பார்த்தான். பேச்சுக் கயிறு கொப்பில் முடிந்தபடியே இருந்தது. அவன் மரத்தடியை விட்டு விலகினான்.

ஆஸ்பத்திரியில், இனி நெடுங்காலத்துக்கு வாளைத் தொடக்கூடாது என்றார்கள். அடுத்த ஞாயிறு நதானியேல் ஆராதனைக்குப் போனான். முடிந்ததும் நேரே ரீச்சர் வீட்டுக்கு வந்தான். துணைக்கு வந்த கஜீபன் வாசல் படலையைத் தாண்டவில்லை.

"வேண்டாம் அண்ணை. வாங்கோ, போவம்."

பேச்சுக் கயிறு இன்னும் மரத்திலிருந்து தொங்கியது. ஒரு இலைகூட அசையாத வெயில். உயிர் தந்தவரை ஒரு வார்த்தை விசாரிக்காமல் போவது பாவம் என்று அவனுக்குத் தோன்றியது. கயிற்றை ஒருதரம் இழுத்தான்.

"சுகமோ, ஐயா?"

சற்று நேரம் ஒன்றுமில்லை.

பிறகு பதில் வந்தது. மரத்துப்போன அந்த விரல்களுக்கும் அது உறைத்தது.

இரண்டுதரம். இறக்கு.

 நதானியேல் கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டான்.

"பிடிச்சிருக்கிறன். மெல்ல இறங்குங்கோ."

உச்சிக் கொப்பில் நெற்றுகள் கலகலத்தன. அடங்கின. அதற்குக் கீழ்க் கொப்பில் கலகலத்தன. பிறகு அதற்கும் கீழே.

கடைசியில் எல்லாம் ஓய்ந்தது. அவன் தோளுக்கருகில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.