பஸ் வராத நிறுத்தம்

வழக்கம்போல அன்று காலையும் அருள்வாசகம் பல் துலக்கி, காதுக்குப் பின்னாலிருந்த துளையில் விருப்பமானியைச் செருகி, முந்தின நாள் தனக்கு என்னென்ன பிடித்திருந்தது என்று தெரிந்துகொண்டார். காலைத் தோசை நாற்பது சதவீதம். குளியல் பன்னிரண்டு. மழை தொண்ணூறு. அந்தத் தொண்ணூறைப் பார்த்ததும் மனுஷருக்கு முகம் மலர்ந்தது.

நிலவின் சோமபுரிக் குடியிருப்பில் நாற்பதாயிரம் பேர் ஆளுக்கோர் அறையில் வாழ்ந்தார்கள். வேலை, சாப்பாடு, கல்யாணம் எல்லாம் அறைக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே போக ஆசைப்பட்டால் ஏதாவது ஆட்டத்துக்குள்தான் போகவேண்டும். அந்த ஆட்டங்களைக் கட்டுவது அருள்வாசகத்தின் பிழைப்பு. பதினெட்டு வருஷம் சுடுகிற ஆட்டங்களாகவே கட்டிச் சலித்தவர், இந்த முறை துணிந்து வேறொன்று செய்திருந்தார். பூமியில் ஒரு பஸ் நிறுத்தம், கொட்டும் மழை, கூரைக்கடியில் இருவருக்கு இடம். பஸ் மட்டும் வராது. பேசலாம், சும்மாவும் இருக்கலாம்.

சோதனைப் பிரதியை முதலீட்டாளர்கள் ஐந்து பேருக்கும் அனுப்பி மூன்று மாதமாகிறது. அன்று முதல் தினமும் ஐந்து மணிக்கு அவர் அங்கே போய் உட்காருவார். கறுப்புக் குடையோடு ஒருவர் வந்து பக்கத்தில் அமர்வார். அந்த ஆட்டத்தில் யாருக்கும் முகமோ சொந்தக் குரலோ கிடையாது. குடைக்காரர் சில நாள் வளவளவென்று பேசுவார், சில நாள் வாயே திறக்கமாட்டார். முதலீட்டாளர் அலுவலகத்துக் குமாஸ்தா யாராவதாக இருக்கும் என்று இவர் நினைத்தார். சொல்லவே வெட்கம், ஆனால் அந்தக் குடையை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை.

அன்று மதியம் வாக்கெடுப்பு. சோமபுரி விதிப்படி "எனக்குப் பிடிக்கிறது" என்று யாரும் ஓட்டுப் போடக்கூடாது, அது சுயநலமாம். விருப்பமானியைக் கழற்றி வைத்துவிட்டு, "மக்களுக்குப் பிடிக்குமா?" என்ற கேள்விக்கு மட்டும் ரகசியமாகப் பதில் சொல்லவேண்டும். கட்டியவருக்கும் ஓர் ஓட்டு உண்டு. ஒரே ஒருவர் "ஆம்" என்றாலும் ஆட்டம் மறுகூட்டத்துக்குப் போகும்.

"ஏகமனதா வேண்டாம்னு வந்திருக்கு சார்," என்றார் முதலீட்டாளர்களின் தலைவி பத்மலோசனி, திரையிலிருந்து. "மழைக்கு மார்க்கெட் இல்ல. நிறுத்தத்துக்குப் பின்னாடி நாலு எதிரிங்கள ஒளிச்சு வைங்க. அவங்க கையில துப்பாக்கி குடுங்க. இப்ப இருக்கறத ஆறு மணிக்கு அழிச்சிடுங்க."

"சரிங்க மேடம்," என்றார் அருள்வாசகம்.

விருப்பமானியை மறுபடி செருகிக்கொண்டு ஐந்து மணிக்குப் போனார். கடைசி நாள்தானே என்று, இருவர் மட்டும் என்ற வரம்பையும் எடுத்துவிட்டார். குடை வந்தது. பின்னாலேயே அதே மாதிரி இன்னொரு கறுப்புக் குடை. பிறகு மேலும் மூன்று. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நான் தினமும் வருவேன். எப்பவும் ஆள் நிறைஞ்சிருக்கும், என்னிக்காவதுதான் இடம் கெடைக்கும்," என்றது முதல் குடை. "இன்னிக்கு இத வேண்டாம்னு ஓட்டுப் போட்டவள் நான்தான்."

"நானும்தான்," என்றது இரண்டாவது. மற்ற மூன்றும் தலையாட்டின.

அருள்வாசகத்துக்கு ஆத்திரம் பொங்கியது. "இதக் கட்டினவன் நான். பிடிக்கலன்னா எதுக்கு வந்தீங்க?"

"பிடிக்கலன்னு யார் சொன்னா? எனக்கு உசிரு இந்த இடம். ஆனா ஜனங்களுக்குப் பிடிக்காதே!"

"அஞ்சு பேர்ல ஒருத்தர் ஆம்னு போட்டிருந்தாலும் இது பொழச்சிருக்குமே!"

முதல் குடை மெல்லக் கேட்டது.

"ஓட்டு ஆறு சார். ஏகமனதுன்னா, உங்களதும் சேர்த்துத்தானே?"

அருள்வாசகம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜனங்களுக்குப் பிடிக்காதுன்னு நானும் நெனச்சேன்," என்றார்.

யாரும் எழுந்து போகவில்லை. இருவருக்கான இருக்கையில் ஆறு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆறு மணிக்கு மழை நின்றது.

மறுநாள் காலை அருள்வாசகம் பல் துலக்கி, விருப்பமானியைச் செருகினார். மழை, நூறு சதவீதம். அவர் அதைப் படித்துவிட்டு, எதிரிகளுக்குத் துப்பாக்கி வரைய உட்கார்ந்தார்.