பட்டியலில் இல்லாத வீடு

குண்டூசிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அப்பா. "இவ்வளவு ஒல்லியா இருந்தா சட்டையில குத்தி வெச்சுக்கிட்டுத்தான் போகணும்" என்பார். இப்போது பள்ளிக்கூடமே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. முதலில் கூப்பிட்ட அப்பாதான் இல்லை. அவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் தேவாலயப் பாட்டுக் குழு வீடு வீடாகப் போய்ப் பாடும். அப்பாதான் விளக்குப் பிடிப்பார். அவருக்குப் பாட ஆசை, தாளம்தான் வராது. எல்லோரும் கடைசி வரியை முடித்து வாயை மூடிய பிறகு, அவர் மட்டும் தனியாக வந்து சேருவார்.

"நீங்க விளக்கைப் பிடிச்சா போதும், பாட்டை எங்ககிட்ட விட்டுடுங்க" என்று பாட்டு மாஸ்டர் வருடா வருடம் கெஞ்சுவார். அப்பா சமர்த்தாகத் தலையாட்டுவார். அடுத்த வீட்டிலும் பிந்தியே பாடுவார்.

இந்த வருடம் விளக்கு குண்டூசியின் கையில் இருந்தது.

அன்று மாலை முப்பது வீடுகளுக்குப் போக வேண்டும். மாஸ்டர் கையில் பட்டியல், கழுத்தில் விசில்.

"ஒரு வீட்டுக்கு ஆறு நிமிஷம்! பாட்டு, வாழ்த்து, அடுத்த வீடு! யாராவது கேக் கொடுத்தா நடந்துகிட்டே சாப்பிடுங்க!"

எட்டாவது வீட்டில் கதவைத் திறப்பதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. டிரம் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. என்ன பாடினோம் என்று யாருக்கும் நினைவில்லை.

அடுத்தது குண்டூசியின் தெரு. விளக்கை உயர்த்திப் பட்டியலைப் பார்த்தாள். அதில் அவள் வீட்டுப் பெயரின் மேல் சிவப்புக் கோடு கிழித்திருந்தது.

"மாஸ்டர், எங்க வீட்டை ஏன் அடிச்சிருக்கீங்க?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "துக்க வீடும்மா. டிரம் அடிச்சுக்கிட்டு வந்து நின்னா அம்மாவுக்கு எப்படி இருக்கும்? சத்தமில்லாம தாண்டிப் போயிடலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார்.

ஆனால் காலையில் அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். அம்மாவுக்குத் துணி தேய்க்கும் கடையில் வேலை. பண்டிகை நேரத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. அப்படியும் வேலைக்குக் கிளம்பும் முன் பன்னிரண்டு தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"யாரும்மா வர்றாங்க?"

"யாரும் இல்ல. தூசியா இருந்துச்சு."

பாட்டுக் குழுவில் பன்னிரண்டு பேர்.

எல்லோரும் பூனை மாதிரி அடி வைத்து அவள் வீட்டைத் தாண்டினார்கள். டிரம் அண்ணன் டிரம்மைத் துண்டால் மூடிக்கொண்டார். ஜன்னல் திரை லேசாக அசைந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே விளக்கு அணைந்தது.

குண்டூசி அப்படியே நின்றுவிட்டாள். வெளிச்சம் நின்றதும் எல்லோரும் நின்றார்கள்.

"நேரமாகுதும்மா" என்றார் மாஸ்டர்.

"அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும்னு எல்லாரும் தாண்டித் தாண்டிப் போறாங்க, மாஸ்டர். நாலு மாசமா யாருமே வர்றதில்ல. அதுதான் எங்களுக்குக் கஷ்டமா இருக்கு."

மாஸ்டர் விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். யோசித்து, கைக்கடிகாரத்தையும் கழற்றிப் போட்டார். பிறகு அவரே போய்க் கதவைத் தட்டினார்.

அம்மா திறந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"உள்ள வரலாமா தங்கச்சி?"

"வாங்கண்ணே" என்றார் அம்மா. "வர மாட்டீங்கன்னு நினைச்சேன்."

நாற்காலியில் சிலர், தரையில் சிலர் என்று உட்கார்ந்தார்கள். டிரம் இல்லை. தொழுவத்தில் பிறந்த குழந்தையின் பாட்டை மெதுவாகப் பாடினார்கள். அன்று முதல்முறையாக ஒவ்வொரு சொல்லும் குண்டூசியின் காதில் விழுந்தது.

"எங்கள் வீட்டுக்கும் வாராயோ" என்று கடைசி வரி முடிந்தது.

முடிந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. வாழ்த்தும் சொல்லவில்லை. எல்லோரும் ஒரு குரலுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. டிரம் அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குண்டூசி அழுதாள்.

அப்போது அம்மா பாடினார்.

"எங்கள் வீட்டுக்கும்... வாராயோ."

உடைந்த குரலில், தனியாக, எல்லோரும் முடித்த பிறகு, அப்பா மாதிரியே பிந்தி.

மாஸ்டர் தலைகுனிந்து கண்ணை மூடிக்கொண்டார். குண்டூசி அம்மாவின் தோளில் சாய்ந்தாள். வலி அப்படியேதான் இருந்தது. ஆனாலும் மூச்சு விட முடிந்தது.

"மாஸ்டர், ஆறு நிமிஷம் தாண்டிடுச்சு" என்றாள் மெதுவாக.

"இருக்கட்டும்" என்றார் மாஸ்டர், மேசையில் கவிழ்ந்திருந்த கோப்பைகளைப் பார்த்து. "அம்மா இன்னும் கோப்பையையே நிமிர்த்தலையே."

அம்மா எழுந்துபோய்ப் பன்னிரண்டு கோப்பைகளையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார்.