அ கட்டத்தில் ஆள் இல்லை

ஷாஹினா அன்றைக்குப் பாடத்தை ஆ-விலிருந்து ஆரம்பித்தாள்.

“ஆ... ஆடு. இ... இலை. ஈ... ஈ.” விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியின் நுனி, சுவரில் தொங்கிய சார்ட்டின் மேல் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டு போனது. ஃபேன் காற்றுக்கு சார்ட்டின் அடியிலிருந்த பிளாஸ்டிக் குழல் சுவரில் இடித்து டக், டக்கென்று சத்தம் போட்டது. அடுப்படி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஹாஃபிஸாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது, மகளின் குரல் கேட்டது, தெருவில் மல்லிகைப்பூ விற்றுக்கொண்டு போகிறவனின் குரலும் கேட்டது. மகள் எதையோ விட்டுவிட்டாள் என்பது மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

“அ-வ விட்டுட்டியே, ஷாஹி.”

“அதுல அம்மா இல்லம்மா.”

“ம்” என்றாள் ஹாஃபிஸா. தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. வெங்காயத்தின் காரம்கூட இப்போதெல்லாம் அவள் கண்ணில் தண்ணீரை வரவழைப்பதில்லை.

அந்த சார்ட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அவள் கணவன் அல் அமீன் வாங்கி வந்திருந்தான். ஷாஹினா படிக்கிற பள்ளிக்கூடத்தில் கரும்பலகையெல்லாம் போய், டிவி மாதிரி பெரிய போர்டு வந்துவிட்டது. அதில் ஆடு துள்ளும், ஓடம் மிதக்கும், தொட்டால் எழுத்து பேசும். ஆனாலும் வீட்டுச் சுவரில் ஒரு சார்ட் தொங்க வேண்டும், பிள்ளை அதை வாசிப்பதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும் என்று நான்சி மிஸ் சொல்லிவிட்டார். மிஸ் சொன்னால் சொன்னதுதான். கியூஆர் கோடு உள்ளதாகத் தேடி வாங்கினான் அல் அமீன். போனைக் காட்டினால் சார்ட்டில் இருக்கிற படமெல்லாம் போனுக்குள் அசையும். அச்சுதான் மட்டம். சிவப்பு மை ஒரு நூல் தள்ளி விழுந்திருந்தது. முதல் கட்டத்தில், பச்சைச் சேலையும் கொண்டையுமாக, மடியில் குழந்தையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு உதட்டின் சிவப்பு உதட்டில் இல்லை, கன்னத்தில் இருந்தது.

உருவப்படம் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் தொழக்கூடாது என்பதால், பாங்கு சொன்னதும் ஹாஃபிஸா சார்ட்டைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பாள். தொழுது முடித்ததும் மறுபடி இந்தப் பக்கம். அடுப்பை அணைப்பது போல, யோசிக்காமல் கை செய்கிற வேலை. மூன்று மாதமாக அவள் தொழவில்லை. சார்ட்டையும் யாரும் திருப்பவில்லை. அது இரவும் பகலும் வீட்டைப் பார்த்தபடி தொங்கியது.

மூன்று மாதம் முன்பு அவளுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. அது மூச்சு விடவில்லை. அவள் மயக்கம் தெளிந்து எழுவதற்குள் வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்துவிட்டார்கள். மூக்கு யார் மாதிரி என்று கேட்டாள். அல் அமீன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம், அவள் மடியில் ஒரே ஒரு நிமிடம் வைத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. சொந்தக்காரர்கள் வந்து, உனக்கென்ன வயசா போச்சு என்று ஆறுதல் சொல்லி, டீயில் சர்க்கரை குறைச்சல் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். பால் கட்டி மார் கல்லாக இறுகி, மாத்திரையில் வற்றியது. அதோடு சேர்ந்து எல்லாமே வற்றிவிட்டது. ஷாஹினா அம்மா என்று கூப்பிட்டால் உடம்பு எழுந்து போகும், கை சோறு போடும். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை. பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்த்தே நாளாகிவிட்டது.

மறுநாள் காலை அவள் கண் விழித்து வந்தபோது ஷாஹினா யூனிஃபார்ம் போட்டு, வழித்துச் சீவிய ரெட்டைச் சடையோடு நின்றாள். இரண்டிலும் பச்சை ரிப்பன்.

“யாரு பின்னி விட்டா?”

“நீதானம்மா.”

வீட்டில் பச்சை ரிப்பன் கிடையாது. குனிந்து பார்த்தாள். பிள்ளையின் தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை இல்லை. புதிதாகப் பிரித்த பிளாஸ்டிக் தாளின் வாசனை, அதற்கடியில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மை வாசனை. நானே பின்னிவிட்டு மறந்திருப்பேன், மாத்திரை அப்படி என்று ஹாஃபிஸா நினைத்துக்கொண்டாள். ஒரு வேலை குறைந்ததே என்றுகூட இருந்தது.

சாயங்காலம் டிபன் பாக்ஸ் துடைத்து வைத்தது போலத் திரும்பி வந்தது. “வெஞ்சனம் அம்புட்டு ருசிம்மா, நாளைக்கும் அதையே வைய்யி” என்றாள் ஷாஹினா. ஹாஃபிஸா கொடுத்து அனுப்பியது வெறும் தயிர்ச் சோறு, தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை. பிள்ளையின் கன்னத்தில் லேசாக ஒரு சிவப்பு, முத்தம் கொடுத்த அளவுக்கு. கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் ஒட்டியது.

மை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் நான்சி மிஸ்ஸின் குரல் போனில் வந்து விழுந்தது.

“ஹாஃபிஸா, நேத்து நீங்க அனுப்புன வீடியோ ரொம்ப அழகும்மா. க்ளாஸ்ல போர்டுலயே போட்டுக் காமிச்சேன். நீங்க கையப் பிடிச்சு சொல்லிக் குடுக்குறதப் பாத்துட்டு எல்லாப் பிள்ளைகளும் அம்மா, அம்மான்னு ஒரே சத்தம். இப்பத்தான் பழைய ஹாஃபிஸாவப் பாக்குறேன். இப்பிடியே இருங்க.”

ஹாஃபிஸா வீடியோ எதுவும் அனுப்பவில்லை. குரூப்பைத் திறந்தாள். இருந்தது. அவள் போனிலிருந்துதான் போயிருந்தது. தண்ணீர்க் குடத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்து எடுத்தது போல ஒரு பக்கமாகச் சரிந்த படம். ஷாஹினா ஆ-விலிருந்து ஆரம்பிக்கிறாள். அவள் பின்னால் மண்டியிட்டு, அவளுடைய கையைப் பிடித்துக் குச்சியை நகர்த்துகிறவள் பச்சைச் சேலை கட்டியிருக்கிறாள். அந்தச் சேலையில் மடிப்பே இல்லை. வண்ணம் பூசிய அட்டை போல ஒரே பச்சை. கையில் ரேகை இல்லை, விரல்களுக்கு நடுவே கோடு மட்டும் இருந்தது. ஊஞ்சலுக்கு வந்ததும் பிள்ளை சிரிக்க, அவளும் போனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். உதடு ஓரிடத்தில் இருந்தது. சிவப்பு பக்கத்தில் இருந்தது.

பயப்பட வேண்டும் என்று ஹாஃபிஸாவுக்குத் தெரிந்தது. காத்திருந்தாள். பயம் வரவில்லை.

ராத்திரிச் சோற்றுக்கு வந்த அல் அமீனிடம் நீட்டினாள். பேகம்பூரில் தோல் மண்டியில் வேலை. எவ்வளவு குளித்தாலும் அந்த வாடை போகாது. கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கியவன் முகம், பார்க்கப் பார்க்க மலர்ந்தது. அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிருந்தது.

“என்ன புள்ள, புதுச் சேலையா? நல்லாத்தான் இருக்கு.” வீடியோவை இன்னொரு தரம் ஓட விட்டான். “பயந்து போயிருந்தேன் ஹாஃபிஸா. நீ இப்பிடியே இருந்துருவியோ, பிள்ளைக்கு யாரு இருக்கான்னு... இப்பத்தான் நிம்மதி. இது நீதான?”

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும், டாக்டர், மாத்திரை, மறுபடி அழுகை. அதற்கெல்லாம் அவளிடம் தெம்பில்லை.

“ஆமாங்க” என்றாள். “நாந்தேன்.”

சுவரில் டக் என்றது. ஃபேன் ஓடவில்லை. கரண்ட் போய்ச் செத்த நேரம் ஆகியிருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் சாயும் நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை. மலைக்கோட்டைப் பாறையில் விழுந்து திரும்புகிற வெயில் தெருவையே வெளுப்பாக்கியிருந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. மூன்று மாதமாக ஏறிட்டுப் பார்க்காத சுவருக்கு நேராக ஹாஃபிஸா போய் நின்றாள். ஆடு இருந்தது. இலை இருந்தது. உரல், எலி, ஏணி எல்லாம் அதனதன் கட்டத்தில் இருந்தன. முதல் கட்டத்தில் பச்சைச் சேலைக்காரி இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வெறும் மஞ்சள்.

குழந்தையை விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அது தரையில் தனியாகக் கிடந்தது. முன்பு அதற்குச் சிவப்புச் சட்டை போட்டிருந்தார்கள், ஹாஃபிஸாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது வெள்ளைத் துணி. கழுத்து வரைக்கும் இறுக்கிச் சுற்றிய வெள்ளைத் துணி. கண் மூடியிருந்தது.

மூக்கு அல் அமீன் மாதிரி.

போனை எடுத்து சார்ட்டின் மூலையிலிருந்த கியூஆர் கோடுக்கு நேராகப் பிடித்தாள். பாட்டு ஒன்று ஆரம்பிக்க, திரையில் ஆடு துள்ளிக் கத்தியது. ஊஞ்சல் ஆடியது. ஒட்டகம் தலையாட்டியது. முதல் கட்டத்துக்குப் போனைக் கொண்டுபோனாள். பாட்டு நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, மூக்கடைத்த பிள்ளை மூச்சுக்கு முட்டுகிற மாதிரி, ரொம்பச் சின்னதாக ஒரு சத்தம். ஒரு சிணுங்கல்.

மார் நனைந்தது.

ஜாக்கெட்டில் ஈரம் பரவியது. வற்றிப்போன பால். மூன்று மாதமாக வராதது எல்லாம் ஒரே மூச்சில் மேலே ஏறி வந்தது. ஐயோ, தரையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாளே. பச்சைப் பிள்ளையை. வெறும் தரையில்.

விரலை வைத்தாள். தாள் வெதுவெதுப்பாக இருந்தது.

பின்னால் அடுப்படியில் யாரோ அரிசி களைந்தார்கள். தண்ணீர் கொட்டுகிற சத்தம். டம்ளர் வைக்கிற சத்தம். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

“ஷாஹியம்மா, பிள்ள வந்துருச்சு!” பள்ளிக்கூட ஆட்டோ ஓட்டுகிற ஆண்டனிராஜின் குரல்.

“வாரேன்ணே!”

பதில் சொன்னது ஹாஃபிஸா இல்லை. குரல் அவளுடையது.

செருப்புச் சத்தம் ஓடி வந்தது. “அம்மா! அம்மா!” திரும்ப வேண்டும். இப்போதே. ஷாஹினாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டும். தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. ஆனால் விரலடியில் அந்தச் சின்ன நெஞ்சு மேலேறி இறங்கியது, ஒரு தரம், ஒரே ஒரு தரம்.

“செத்த நேரம், ஷாஹி” என்றாள் திரும்பாமல். “செத்த நேரம் மடியில வச்சுக்கிறேன். இந்தா வந்துட்டேன்.”

இரண்டு கையாலும் எடுத்தாள்.

கனம் இருந்தது.

மடியில் இருந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள்? பச்சைச் சேலை. முன்னால் வீடு. அவளுடைய வீடு. குடம், ஷெல்ஃப், ஓடுகிற ஃபேன். காற்று முகத்தில் அடித்தது. முதுகுக்குப் பின்னால் சுவர் இடித்தது.

டக்.

ஷாஹினா எதிரே நின்றாள். பெரிய முகம். சட்டையை மாற்றிவிட்டிருந்தார்கள். சாப்பிட்ட வாய் துடைத்திருந்தது. நெற்றியில் ஒரு பழைய தழும்பு, கண்ணுக்கடியில் ஒரு மச்சம். எவ்வளவு அழகாக இருக்கிறாள். இவ்வளவு நாள் ஏன் பார்க்கவில்லை? அவளுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தவள் ஹாஃபிஸாவின் நீல நைட்டி போட்டிருந்தாள். உதட்டின் சிவப்பு இப்போது உதட்டிலேயே இருந்தது.

“அ-விலருந்து சொல்லு, தங்கம்.”

குச்சி நீண்டது. நுனி ஹாஃபிஸாவின் நெஞ்சில் பட்டது.

“அ... அம்மா.”

என்னம்மா என்றாள் ஹாஃபிஸா. வாய் திறக்கவில்லை. சிரித்தபடி இருந்தது. கன்னத்தில் மட்டும் ஈரமாக ஒரு சிவப்பு.

குச்சி அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. ஷாஹினா கிட்டே வந்து, மூக்கு தாளில் முட்டும்படி நின்று பார்த்தாள். அந்த மூச்சு சுட்டது.

“இந்த அம்மா அழுகுது.”

“அச்சு அப்பிடி.”

“நெசமாவே அழுகுதும்மா.”

பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. நீல நைட்டிக்காரி எழுந்து வந்தாள். முந்தானைக்குப் பதில் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், ஹாஃபிஸா போடுகிற மாதிரியே, இடது காதைத் தாண்டிச் சொருகி. கை நீண்டது. விரல்களில் ரேகை இருந்தது.

“தொழுதுட்டுத் திருப்பி வைக்கணும்லம்மா? நாஞ் சொல்லணும்ல?” ஷாஹினாவின் குரல்.

“இனி எதுக்கு? உனக்குத்தான் மனப்பாடமாயிருச்சே.”

வீடு சுழன்றது. குடம், ஷெல்ஃப், பிள்ளையின் பச்சை ரிப்பன். அப்புறம் சுண்ணாம்பு. கண்ணை ஒட்டிச் சுண்ணாம்பு, அதில் ஒரு மயிரிழை விரிசல். வரைந்த கண், மூட முடியவில்லை.

டக். டக்.

முதுகுக்கு அப்பால் ஷாஹினா ஆ-விலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மடியில் இருந்த வெள்ளைத் துணி கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துகொண்டிருந்தது.