ஓரப் பலகை

டைமண்ட் கார்டன் பூங்காவுக்குப் பின்பக்கம், இரண்டு புதிய அடுக்குமாடிகளுக்கு நடுவே அந்தப் பழைய பங்களா மட்டும் இன்னும் இடிபடாமல் நின்றது. தச்சர்கள் சுடலைக்கண்ணனும் அப்துல் ரவூப்பும் திங்கட்கிழமை காலை டெம்போவிலிருந்து தேக்குப் பலகைகளை இறக்கிக் கொல்லைப்புறத்துக்குச் சுமந்து போனார்கள். மாமரத்தடியில் சின்னதாக ஒரு நீச்சல் குளம். எல்லாப் பக்கமும் ஆழம் ஒரே அளவு, இரண்டு ஆள் ஆழம். வேலை நடக்கும்போது நீர் தெறிக்கக் கூடாது என்று தண்ணீரைப் பாதிக்கு இறக்கியிருந்தார்கள். மே மாத வெயிலிலும் அந்தத் தண்ணீரிலிருந்து ஜில்லென்று ஒரு வாடை வந்தது.

வீட்டுக்காரர் வேங்கடசுப்ரமணியன் போன வருஷம்தான் பங்களாவை வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அறுபதாம் கல்யாணம். சாயங்காலம் வருகிறவர்கள் குளத்தோரம் உட்கார, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரமேடை வேண்டும்.

"ஓரத்துல துருத்திண்டு எதுவும் இருக்கப்படாது மிஸ்திரி. அந்த ஏணியை எடுத்துடுங்கோ" என்றார்.

குளத்துக்குள் இறங்க இருந்த ஒரே ஏணி அது. எவர்சில்வர். அடியில் தேவைக்கு அதிகமாகவே வெல்டிங் வைத்திருந்தார்கள். ரவூப் கிரைண்டரால் அறுத்து எடுக்க ஒரு மணி நேரமாயிற்று. பழைய இரும்புக்காரன் மத்தியானமே வந்து தூக்கிப் போனான்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குள் சட்டங்களைப் பதித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, முதல் பலகையாகத் தண்ணீரோரப் பலகையை முடுக்கினார்கள். அது குளத்துச் சுவரைத் தாண்டி இரண்டு விரல்கடை தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு ரவூப் தொழுகைக்குப் போனார். சுடலைக்கண்ணன் ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ஸுக்குப் போனான். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது ஓரப் பலகையின் ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்க்ரூக்கள் தரையில் கிடந்தன.

எல்லாம் ஈரமாக.

"இந்தப் பக்கம் நீருதான வே முடுக்குனீரு?" என்றான் சுடலைக்கண்ணன்.

"ஆமா. ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் எந்திச்சேன்."

மறுபடி முடுக்கிவிட்டு, மற்றப் பலகைகளையும் பதித்தார்கள். புதன்கிழமை மத்தியானம் மறுபடி அதே கதை. இந்தத் தடவை ஓரப் பலகையே பெயர்ந்து, சட்டத்தில் ஒரு சில்லும் பிய்ந்திருந்தது. சாயங்காலம் வேங்கடசுப்ரமணியன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"அறுபது பேர் வரா மிஸ்திரி. யாராவது இது மேல காலை வெச்சு உள்ள விழுந்தா நான் என்ன பதில் சொல்றது? தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடுங்கோ, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

சுடலைக்கண்ணனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. இருபது வருஷத் தொழிலில் அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பலகையைப் பிடுங்கினால் யாருக்கு என்ன லாபம்? கேட்டில் காவல்காரர் இருந்தார். மத்தியானம் வீட்டில் சமையல்கார சொர்ணம்மாளைத் தவிர வேறு யாரும் இல்லை. எரிச்சலோடு சட்டத்தை மாற்றினான், ஸ்க்ரூவுக்குப் பதிலாக போல்ட் போட்டான். வியாழக்கிழமை சாப்பிட்டு வந்து பார்த்தால் நாலு போல்ட்டும் கழன்று தரையில் வரிசையாகக் கிடந்தன.

அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"தொழுவைக்கு நேரமாச்சுன்னு அவசரத்துல முடுக்கிட்டுப் போயிருப்பீரு. வேற என்னத்தச் சொல்ல?"

ரவூப் ஸ்பானரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பன்னிரண்டு வருஷம் ஒரே பெட்டியில் கருவி வைத்துப் புழங்கியவர்கள். தன்னுடையதை மட்டும் பொறுக்கி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

"என் வேலையச் சொல்லும் வே, கேட்டுக்கிடுதேன். தொழுவையச் சொல்லாதீரும்."

போய்விட்டார். அன்றைக்குப் பொழுது அடங்கும்வரை சுடலைக்கண்ணன் ஒற்றை ஆளாகப் பலகையோடு மல்லுக்கட்டினான். ஒரு முனையை முடுக்கினால் மறுமுனை எழும்பியது. எப்படியோ எட்டு போல்ட்டைப் போட்டு இறுக்கிவிட்டுப் போனான். போனில் ரவூப்பைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் சாப்பிடப் போகவில்லை. பலகையின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எவன் வந்து கழற்றுகிறான் என்று பார்த்துவிடுவது.

ஒரு மணி இருக்கும். மாமரத்தில் காக்கைகள் சட்டென்று அடங்கின. காற்றில்லை. தண்ணீர் மட்டும் மெல்ல அலம்பியது, யாரோ சத்தமில்லாமல் நீந்துவதுபோல. அலை ஒரு மூலையிலிருந்து சுவரோரமாக நகர்ந்து வந்தது. அவனுக்கு நேர் கீழே வந்து நின்றது.

பிறகு மூச்சு.

இரைக்கிற மூச்சு. ரொம்ப நேரம் நீந்தி ஓய்ந்த மூச்சு.

அவன் குனிந்து பார்த்தான். பச்சைத் தண்ணீர். அடித்தளத்து ஓடுகள் தெளிவாகத் தெரிந்தன. யாரும் இல்லை.

காய்ந்த பலகையின் விளிம்பில் ஈரம் ஒரு புள்ளியாக ஊறியது. பக்கத்தில் இன்னொன்று. பக்கத்தில் இன்னொன்று.

நாலு விரல்.

அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி.

பலகை கிறீச்சிட்டது. முழு உடம்பின் பாரமும் அந்த நாலு விரலில் தொங்கியது. போல்ட் ஒன்று தானாகத் திரும்பியது. ஈரத் தடம் பின்னால் இழுபட்டு நாலு கோடாகி, விளிம்பில் வழுக்கி மறைந்தது. கீழே தண்ணீர் தொப்பென்றது. அலை மறுபடி சுவரோரமாகச் சுற்றக் கிளம்பியது.

அவன் எழுந்து நடந்தானா, தவழ்ந்தானா என்று அவனுக்கே தெரியாது. சமையலறை வாசலில் போய்த்தான் நின்றான். சொர்ணம்மாள் அவன் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள். முந்தின வீட்டுக்காரர்கள் காலத்திலிருந்து அங்கே சமைக்கிறவள்.

"அந்த ஏணிய ஏன் அண்ணாச்சி அறுத்திய?" என்றாள் தாழ்ந்த குரலில்.

அவளாகவே சொன்னாள். முந்தின வீட்டம்மா தினம் மத்தியானம் நீந்துகிறவள். ஒருநாள் ஏணியை வெல்டிங்குக்குக் கழற்றிப் போயிருந்தார்கள். குளத்தைக் கழுவுவதற்காகத் தண்ணீரையும் பாதிக்கு இறக்கியிருந்தார்கள். அது தெரியாமல் அந்த அம்மா குதித்துவிட்டாள். வீட்டில் ஆள் இல்லை. கால் நிலைக்கவில்லை, கரை கைக்கு எட்டவில்லை.

"சுவரு பூரா நகத் தடம் அண்ணாச்சி. எத்தன சுத்து சுத்திச்சோ. ஏணி திரும்ப வார வரைக்கும் மத்தியானம் ஆனா பெறாண்டுத சத்தம் கேக்கும். ஏணி வச்சாங்க, நின்னு போச்சு."

சுடலைக்கண்ணன் வெகுநேரம் சுவரில் சாய்ந்து நின்றான். நாலு நாளாக அவன் முடுக்க முடுக்க, அது பிடிக்கப் பிடிக்க, இரண்டு பேருக்கும் கைதான் ஓய்ந்திருக்கிறது.

மேடையின் தண்ணீரோரத்து நடுவில் இரண்டடி அகலத்துக்கு வெட்டினான். மிச்சத் தேக்கில் ஐந்து படி செய்து, சுவரில் துளைபோட்டுத் தண்ணீருக்குள் இறக்கினான். வேங்கடசுப்ரமணியன் ஆபீஸிலிருந்து வந்து கத்தினார்.

"துருத்திண்டு எதுவும் வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"படி இல்லாம மேடை நிக்காது சார். வேணாம்னா வேற ஆளப் பாருங்க."

அவர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கடைசி போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது சுடலைக்கண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"ஏறி வந்துரு தாயி. போதும்."

சனிக்கிழமை மத்தியானம் ஓரப் பலகை அசையவில்லை. எந்த போல்ட்டும் திரும்பவில்லை. ஐந்து படிகளிலும் ஈரப் பாதம் பதிந்திருந்தது. சின்னப் பாதம். மேடையைக் கடந்து, தரையைக் கடந்து, அவன் கருவிப்பெட்டி வரைக்கும் வந்து, அதன் பக்கத்தில் நின்றிருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

பெட்டியைத் தூக்கினான். வேலை முடிந்துவிட்டது, அது போதும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பினான். பஸ் ஸ்டாப்பில் நின்று ரவூப்பைக் கூப்பிட்டான். இந்தத் தடவை எடுத்தார்.

"நான் சொன்னது தப்பு வே. உம்ம மேல பிழையே கெடையாது."

"செரி. திங்கக்கெழம வாரேன்" என்றார் ரவூப். பிறகு, "பக்கத்துல யாருவே? இப்படி இரைக்குது?"

அவன் போனை வைத்துவிட்டான்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் அவன் வீடு மாடியறை. சந்திலிருந்து நெட்டுக்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பதினோரு படி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் மனைவி செண்பகவல்லி கீழே போய்விட்டு வந்தவள் புடவை நுனியைப் பிழிந்தாள்.

"ஏணியில யாரு தண்ணி ஊத்துனது? கீழ மூணு படியும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு."

மழை வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. குழாயில் தண்ணீர் காலையோடு நின்றுபோயிருந்தது.

திங்கட்கிழமை ஐந்து படி. செவ்வாய்க்கிழமை ஏழு. செண்பகவல்லிக்கு ஆத்திரம், பக்கத்து வீட்டோடு ஒரு சண்டையும் போட்டாயிற்று. துடைத்துத் துடைத்துச் சலித்துப்போனாள்.

"பேசாம இந்த ஏணியக் கழட்டிட்டு வேற மாட்டுங்க. துருப்பிடிக்கப் போவுது."

"ஏணியில கை வைக்காத" என்றான். அவன் குரலைக் கேட்டு அவள் மிரண்டு போனாள்.

புதன்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. ஒரு மணிக்குக் கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். சந்து காலியாக இருந்தது. வெயிலில் இரும்பு கொதித்தது. ஒன்பதாம் படி வரைக்கும் ஈரம் மினுங்கியது.

மேலே இன்னும் இரண்டு படிதான்.