இந்த வாரத்துச் சொட்டு

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குவிமாடத்தில் புதன்கிழமை என்றால் மூக்கு நாள். விடிந்ததும் தெருமுனைகளில் செவிலி ரோபோக்கள் வந்து நிற்கும். பல்கூடத் துலக்காமல் மக்கள் வரிசையில் போய் அண்ணாந்து, அந்த வாரத்துத் தடுப்புச் சொட்டை மூக்கில் விட்டுக்கொள்வார்கள்.

காரணம், மூடிய காற்றில் சுற்றிக்கொண்டிருந்த செஞ்சளி வைரஸ். வாரத்துக்கு ஒருமுறை அது மேற்சட்டையை மாற்றிவிடும். போன வாரத்துச் சொட்டுக்குப் புதுச் சட்டைக்காரனை அடையாளம் தெரியாது.

சொட்டுகளை வடிவமைக்கும் நப்பின்னைக்கு இந்த ஓட்டம் அலுத்துவிட்டது. போன ஆண்டு தயாரிப்பு கொஞ்சம் தாமதப்பட்டதில் அவளுடைய அண்ணன் சேந்தன் மூச்சுக் கருவியில் கிடந்து, மயிரிழையில் பிழைத்தான். அதன்பின் அவள் வைரஸின் சட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளே தேடினாள். எத்தனை உருமாறினாலும் ஒரு துணுக்கு மட்டும் அப்படியே இருந்தது. அதை மாற்றிக்கொண்டால் வைரஸே பிழைக்காது. அந்த மாறாப்பகுதியைக் குறிவைத்துச் சொட்டு செய்தாள். ஆயுளுக்கும் ஒரே தடவை போதும்.

அறிவித்த முதல் புதன்கிழமை தெருமுனைகளில் ஈ காக்கை இல்லை. நப்பின்னை அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

"ஏண்ணா, நீயே போட்டுக்கலைன்னா எப்படி?"

"போன மாசம் செஞ்சதைத்தானே இந்த வாரம் குடுக்கறீங்க?"

"அதை மாத்தவே வேண்டாம்ணா. அதானே விசேஷம்!"

"மாறாத சரக்கை எவன் நம்புவான்? முன்னாடியெல்லாம் வாராவாரம் புது நம்பர் போட்டு வரும். பார்த்தாலே ஒரு தெம்பு" என்ற சேந்தன் இருமினான்.

அந்த இருமலைக் கேட்டதும் நப்பின்னை கிளம்பிவிட்டாள். நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய், அதே மருந்தில் துளி நீலச்சாயம் கலந்தாள். குப்பியில் 'மேம்படுத்திய பதிப்பு 2' என்று அச்சடித்தாள்.

அடுத்த புதன்கிழமை வரிசை அடுத்த தெருவரை நீண்டது. முதல் ஆள் சேந்தன்.

சில வாரங்களில் செஞ்சளி இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் சொட்டை நிறுத்தினால் கலவரம் வரும் என்று குவிமாட மன்றம் பயந்தது. எனவே வாரம்தோறும் வெறும் உப்புநீர் போயிற்று. நிறமும் நம்பரும் மட்டும் புதிது. ஊர் பார்க்கட்டும் என்று நப்பின்னையும் அண்ணனோடு வரிசையில் நிற்பாள்.

ஒரு புதன்கிழமை சேந்தன் மூக்கை உறிஞ்சியபடி திரும்பினான். "இந்த ஊதா அபாரம்மா! போன வாரத்துப் பச்சை சுத்த வேஸ்ட்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணாந்தாள்.

"ஊதா தீர்ந்துவிட்டது அம்மா. பச்சை இருக்கிறது, விடட்டுமா?" என்றது ரோபோ.

இரண்டு உப்புநீருக்கும் சாயம் கலந்தவள் அவள்தான். இருந்தும் நப்பின்னை சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம். ஊதா வந்ததும் சொல்லு, வரேன்."