வெளிச்சம் பிடித்த கை

நாலே காலுக்கு அவள் படகேறியபோது தம்பியின் தலைமுடி காய்ந்திருந்தது.

எதிர்ப்பலகையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"காது வலிச்சுதுக்கா. அப்பவே வந்துட்டேன். உன் தோள்ல தட்டினேனே, நீ திரும்பாமலே சரின்னு விரலக் காட்டுன."

காட்டியிருப்பாள். கீழே கடலடியில் பாறைப் பிளவின் முன் முக்கால் மணி நேரம் குப்புறக் கிடந்தாள். சுண்டுவிரல் நகமளவே இருந்த ஓடில்லாத கடல்நத்தை தன் இரண்டு ஊதாக் கொம்புகளையும் நிமிர்த்தும்வரை, மூச்சுக் குமிழிகள் காதோரம் உருண்டு மேலேறுவதையும், பாறைக்குள் எங்கோ எண்ணெய் பொரிவதுபோல் இறால்கள் சடசடப்பதையும் கேட்டபடி, கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல் கிடந்தாள். விளக்குப் பிடிப்பது எப்போதும் தம்பிதான். அவன் கையில் ஒரு தட்டு என்றால் இடம், இரண்டு என்றால் வலம். இன்றும் தட்டினாள். வெளிச்சம் நகர்ந்தது. கடைசிவரை நகர்ந்தது. பிறகு, மேலே போகலாம் என்று கட்டைவிரலை உயர்த்தினாள். பின்னால் வருவான் என்று நினைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப லைட்டப் பிடிச்சது யாரு?"

"நத்தையப் பாத்துட்டா உனக்குக் கட்டுன புருஷனே கண்ணுக்குத் தெரிய மாட்டாரு. நான் எம்மாத்திரம்?" சிரித்தான். "நீயே எங்கயாவது சொருகி வெச்சிருப்ப."

படகோட்டி முன்பக்கம் நங்கூரக் கயிற்றருகே நின்றார்.

"தம்பி எப்ப ஏறுனான், அண்ணே?"

"சித்த கண்ணசந்துட்டேம்மா. முழிச்சா உக்காந்திருக்காரு."

அவள் கேமராவில் கடைசிப் படத்தைத் திறந்தாள். கொம்புகள் இரண்டும் துல்லியம். பின்னால் மங்கலாக, விளக்கைப் பிடித்த ஒரு கையுறை. பெரிதாக்கினாள். கட்டைவிரலில் சிவப்பு நூல் தையல். காலையில் அவள்தான் தைத்துக் கொடுத்தாள். தம்பியின் கையுறை.

படகின் தரை முழுக்க அவள் உடையிலிருந்து வடிந்த நீர். அவன் காலடியில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. காற்று டேங்க் வைக்கும் சட்டத்தில் அவளுடைய டேங்க் மட்டும்.

"உன் டேங்க் எங்கடா?"

"கழட்டும்போது நழுவிருச்சு."

அவன் கண் இமைக்கவில்லை. அவள் வந்ததிலிருந்தே இமைக்கவில்லை.

அவளுடைய காற்றுமானியின் முள் சிவப்பில் கிடந்தது. தம்பிக்கு எப்போதுமே அவளுக்கு முன்னால் காற்று தீர்ந்துவிடும்.

"நங்கூரக் கயித்த இழுத்துட்டுக் கெளம்பட்டுமாம்மா?"

"வேணாம்!"

"இழுங்கண்ணே," என்றான் அவன், அவளையே பார்த்தபடி. "அக்காவுக்குக் குளிருது."

கயிறு கரகரத்தது.

"கைய வெளிய எடு."

சிரித்தான்.

"எடுடா."

துண்டுக்கடியில், கை இருக்க வேண்டிய இடம் மெல்ல உள்ளிழுத்துக்கொண்டது. தொட்டதும் சுருங்கும் உடம்புபோல. எலும்பே இல்லாததுபோல.

படகின் ஓரத்தில் குமிழிகள்.

பிறகு ஏணியின் கடைசிப் படியை ஒரு கையுறை பற்றியது. மூச்சு வாங்கும் சத்தம். இருமல். கீழிருந்து தம்பியின் குரல்.

"அக்கா... மேல யார்கூடப் பேசிட்டிருக்க?"