பாதி இறங்கிய கண்ணாடி

இந்தக் காலத்து ஆட்களுக்கு வண்டி வாங்கத் தெரிகிறது, ஓட்டத்தான் தெரியவில்லை. செத்தவர் படத்தைத் துடைப்பதுபோல நிறுத்தி வைத்துத் துடைக்கிறார்கள். பிறகு விளக்கு தானாக எரிகிறது, வைப்பர் தானாக ஆடுகிறது என்று கென்சாகுவைக் கூப்பிடுகிறார்கள். ஓடாத வண்டியில் பேட்டரி சாகும், எலி குடியேறும், ஒயர் முனையில் பச்சை பூக்கும். இதற்குப் பேய் எதற்கு?

எழுபத்தாறு வயது மெக்கானிக் கென்சாகு இப்படி முணுமுணுத்தபடி கினுயோவின் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தார். ஜப்பானின் யமகத்தா மலையடிவாரத்தில் மழைக்காலம் தொடங்கிய வாரம். காலை ஒன்பது மணிக்கே உள்ளே இருட்டு. கினுயோவின் புருஷன் மசகிச்சி செத்து ஒரு வருஷம் ஆகிறது. கினுயோவுக்கு ஓட்டத் தெரியாது. அன்றிலிருந்து அந்த வெள்ளை வண்டி நகரவில்லை. இன்று மதியம் மகள் சயோரி கைக்குழந்தையோடு ரயிலில் வருகிறாள். குழந்தையை அந்த வண்டியில் உட்காரவைத்து மலைப்பாதை வழியாகச் சயோரி ஓட்டிப்போக ஏற்பாடு. போகலாமா, கூடாதா என்று கென்சாகு சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. எலி மூத்திரம் அவருக்குப் பழக்கம். இது வேறு. அழுகின காய், காய்ந்த கணவாய் மீன், பழைய புகை. இவற்றுக்கு அடியில், யாரோ வாயைத் திறந்து மூச்சு விட்டதுபோல ஒரு வெதுவெதுப்பு.

மசகிச்சியின் வாய் இப்படித்தான் நாறும். கணவாயை மென்றுகொண்டே ஓட்டுவார். கண்ணாடியைச் சரியாகப் பாதி இறக்குவார், காறுவார், துப்புவார், ஏற்றுவார். அவர் வண்டிக்குப் பின்னால் ஊரில் ஒருவரும் சைக்கிளில் போனதில்லை. கென்சாகுவின் சட்டைக் கையில் ஒருமுறை பட்டிருக்கிறது. அதை இன்னும் அவர் மன்னிக்கவில்லை.

செத்த பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டினார். வெளியே நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருகினார்.

வைப்பர் ஒரே ஒரு தடவை துடைத்தது.

காலி இருக்கை முனகிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. நெட்டையான மசகிச்சியின் கால் நீளத்துக்கு வந்ததும் நின்றது.

ஈரம்தான். ஈரம் ஏறினால் மோட்டார் தானாக ஓடும். எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறார். இணைப்பைத் தடவிப் பார்க்க இருக்கைக்கு அடியில் கையை விட்டார்.

விரல் எதற்குள்ளோ புதைந்தது. குளிர்ந்த தோல் வழுக்கிக் கழன்றது. வெளியே இழுத்தார். கறுத்த வெள்ளரிக்காய், நான்கு குச்சிக் கால்களோடு. நூல் நூலாகக் கோழை வடிந்தது. புண்ணுக்குள் நெளிவதுபோல வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. கென்சாகு அதைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.

"ஏம்மா, என்ன கருமம் இது?"

வாசலில் நின்ற கினுயோ குடையை மடக்கினார். "குதிரைண்ணே."

செத்தவர்கள் ஆகஸ்டில் மூன்று நாள் வீட்டுக்கு வருவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. வேகமாக வர வெள்ளரிக்காய்க் குதிரை, மெல்லத் திரும்பிப் போகக் கத்திரிக்காய் மாடு. இரண்டையும் படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். மசகிச்சிக்கு வண்டிதான் உயிர் என்று கினுயோ குதிரையைக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்.

"மாடு எங்க?"

கினுயோ தன் செருப்பைப் பார்த்தார்.

"செய்யலண்ணே. அவரும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

பத்து மாதம் ஆன காய் சருகாகியிருக்க வேண்டும். இதுவோ நேற்றுத்தான் அழுகத் தொடங்கியதுபோல இருந்தது. கென்சாகு அதைச் சாக்கடையில் வீசிவிட்டுக் கையை மண்ணெண்ணெய்த் துணியில் மூன்று முறை துடைத்தார். நாற்றம் போகவில்லை. பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தார். இனி அது வெறும் இரும்பு.

ங்ங்ங்.

ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்கியது.

சரியாகப் பாதி.

பேட்டரி அவர் காலடியில் இருந்தது.

உள்ளே யாரோ காறினார்கள். நெஞ்சின் அடியிலிருந்து, நிதானமாக, அவசரமே இல்லாமல்.

கென்சாகு கினுயோவைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் பயமில்லை. விருந்தாளி முன்னால் புருஷன் அசிங்கம் பண்ணினால் வருகிற வெட்கம் மட்டும் இருந்தது. கினுயோ கண்ணாடி ஓரமாகக் குனிந்து கிசுகிசுத்தார்.

"ஆளு நிக்கும்போது துப்பாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

கென்சாகு சாவியை உருவிப் பைக்குள் போட்டார். பேட்டரியைத் தூக்கினார்.

"குழந்தைய இதுல ஏத்தக் கூடாது. ஒயரெல்லாம் எலி கடிச்சிருக்கு. சயோரிகிட்ட அப்படியே சொல்லு. சாவி என்கிட்டதான் இருக்கும்."

"எலிதானாண்ணே?"

"எலிதான்." இரண்டடி போய் நின்றார். "ஆகஸ்ட்ல கத்திரிக்கா வாங்கி வை. நான் நம்பிச் சொல்றேன்னு நெனைக்காத."

வண்டியை ஒட்டித்தான் வெளியே போக வழி. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடியைத் தாண்டினார். சட்டைக் கையில் ஏதோ சொத்தென்று விழுந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி ஏறிக்கொண்டது.

மழைக்குள் வந்து சட்டைக் கையைப் பார்த்தார். மஞ்சளாக, கெட்டியாக, நடுவில் கணவாயின் ஒரு நாரோடு.

மழைக்காலத்தில் தகரத்திலிருந்து ஓடில்லா நத்தை விழும் என்று சொல்லிக்கொண்டார். வேலிக் கட்டையில் தேய்த்துவிட்டு நடந்தார். நத்தைக்கு ஏது இந்தச் சூடு என்று யோசிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.